திருகோணமலையின் இரண்டு நேரங்களும் காலப்பயணத்தின் கணக்கும்

சித்திரைப் புத்தாண்டு முடிந்த இரவு. 2006 ஏப்ரல் 15, நள்ளிரவு தாண்டி 12.30 ஆனதும் இலங்கையின் கடிகாரங்கள் மறுபடி 12.00க்குத் திருப்பப்பட்டன. 12.00 முதல் 12.30 வரையான அரை மணித்தியாலம் அந்த இரவில் இரண்டு தரம் வந்தது. முதல் தரம் 12.25க்குப் பிறந்த குழந்தையைவிட, இரண்டாம் தரம் 12.05க்குப் பிறந்த குழந்தை பிறப்புச் சான்றிதழின்படி இருபது நிமிடம் மூத்தது. உண்மையில் பத்து நிமிடம் இளையது. யாரும் இறந்தகாலத்துக்குப் போகவில்லை. இலக்கத்தை மட்டும் மாற்றினார்கள்.

இந்தக் குழப்பம் திருகோணமலை மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1996இல் மழை பொய்த்து நீர்மின் உற்பத்தி வீழ்ந்தபோது, மே 25ஆம் திகதி நாட்டின் நேரம் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன் என்பதிலிருந்து ஆறரைக்கு ஏற்றப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் ஆறுக்கு இறக்கப்பட்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இந்த மாற்றங்களை ஏற்கவில்லை, ஐந்தரையிலேயே நின்றன. ஆக, பத்தாண்டுக் காலம் நகரத்தில் ஒரு நேரம், கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் சம்பூரில் இன்னொரு நேரம். ஒருவரிடம் மணி கேட்டால் “பழைய நேரமா, புதிய நேரமா” என்ற எதிர்க்கேள்வி முதலில் வரும். சூரியனைக் கேட்டால் இரண்டுமே பிழை: திருகோணமலை கிழக்கு நெட்டாங்கு 81.2 பாகையில் இருப்பதால், அதன் சூரிய நேரம் கிரீனிச்சுக்கு ஏறத்தாழ 5 மணி 25 நிமிடம் முன்.

இந்த ஊரின் இறந்தகாலத்துக்கு எவராவது போகத் திட்டமிட்டால் முதலில் இந்த அட்டவணையை மனப்பாடம் செய்யட்டும். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டபோது இலங்கை நேரம் கிரீனிச்சுக்கு ஆறு மணித்தியாலம் முன். அந்த ஆண்டு செப்டெம்பரில் அது ஆறரை ஆனது. 1945 ஒக்டோபரில்தான் மீண்டும் ஐந்தரை.

காலப்பயணம் பற்றிய பேச்சில் பாதி, இந்த இலக்க மாற்றத்தையும் உண்மையான காலத்தையும் ஒன்றாகக் குழப்புவதால் வருவது. ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு இரண்டையும் பிரிக்கிறது. நிகழ்வுகளுக்கு நாம் ஒட்டும் திகதியும் மணியும் ஒரு வசதி. அரசாங்கம் ஓர் அறிவிப்பில் மாற்றிவிடலாம். ஒரு கடிகாரம் தான் போன பாதையில் எண்ணிய செக்கன்கள் வேறு. அதைச் சொந்த நேரம் என்போம். அதை யாரும் அறிவிப்பால் மாற்ற முடியாது. ஆனால் அது பாதைக்குப் பாதை வேறுபடும். நகரத்திலிருந்து மூதூருக்குக் கடலால் போனவரும் கிண்ணியா சுற்றித் தரையால் போனவரும் ஒரே இடத்தில் புறப்பட்டு ஒரே இடத்தில் சந்திக்கிறார்கள். கடந்த தூரம் மட்டும் வேறு. காலத்தையும் இடத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் காலவெளியில் அப்படி வேறுபடுவது கழிந்த நேரம். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. இங்கே சுற்றிப் போனவருக்குத் தூரம் கூடும். அங்கே விரைந்து சுற்றிவிட்டு வந்தவருக்கு நேரம் குறையும்.

எதிர்காலம்: இது நடந்துகொண்டிருப்பது

கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்படும் பலநாள் படகு ஒவ்வொன்றிலும் இருக்கும் ஜிபிஎஸ் கருவி இந்தக் கணக்கோடுதான் வேலை செய்கிறது. ஜிபிஎஸ் செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் செக்கனுக்கு 3.87 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றுகின்றன. அந்த வேகம் அவற்றின் அணுக்கடிகாரங்களை நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 மைக்ரோசெக்கன் பின்தங்க வைக்கிறது. உயரத்தில் ஈர்ப்பு தளர்வதால் அதே கடிகாரங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 46 மைக்ரோசெக்கன் முந்துகின்றன. கழித்துப் பார்த்தால் 38 சொச்சம் மைக்ரோசெக்கன் முன்னே. இதைச் சரிக்கட்டத் தரையிலேயே கடிகாரத்தின் அதிர்வெண் 10.23 மெகாஹேர்ட்ஸுக்குப் பதிலாக 10.22999999543 மெகாஹேர்ட்ஸாகக் குறைத்து வைத்து அனுப்புகிறார்கள். மேலே போனதும் அது சரியாகிவிடும்.

“இதைச் செய்யாவிட்டால் ஒரே நாளில் இடம் 11 கிலோமீற்றர் பிழைக்கும்” என்று எல்லாக் கட்டுரைகளிலும் எழுதுகிறார்கள். ஒளி ஒரு மைக்ரோசெக்கனில் 300 மீற்றர் போகும் என்று பெருக்கி வந்த எண் அது. பெருக்கல் சரி, முடிவு அவசரம். எல்லாச் செய்மதிகளும் ஏறக்குறைய ஒரே அளவு முந்துவதால், அந்தப் பிழையின் பெரும்பகுதியைக் கருவி தன் சொந்தக் கடிகாரத்தின் பிழையாக எடுத்துக்கொண்டு கழித்துவிடும். இடத்தைக் காண மூன்று செய்மதி போதும்; நான்காவது தேவைப்படுவதே அதற்காகத்தான். கழிக்க முடியாமல் மிஞ்சுவது செய்மதிக்குச் செய்மதி வேறுபடும் பகுதி. பாதை முழு வட்டமாக இல்லாமல் சற்று நீண்டிருந்தால் செய்மதி அருகே வரும்போது கடிகாரம் மெதுவாகும், விலகும்போது விரையும். அந்த நீட்சியின் அளவான மையவிலகல் 0.02 என்றால் இந்த ஆட்டம் 46 நனோசெக்கன் வரை போகும். அது 14 மீற்றர். இதைச் செய்மதி திருத்துவதில்லை. படகில் இருக்கும் கருவியே கணித்துத் திருத்துகிறது.

விமானத்தில் அளந்தும் பார்த்தாயிற்று. 1971 ஒக்டோபரில் ஹஃபேல், கீற்றிங் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சீசியம் அணுக்கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றினார்கள். கிழக்கே சுற்றியவை தரைக் கடிகாரத்தைவிட 59 நனோசெக்கன் பின்தங்கின. மேற்கே சுற்றியவை 273 நனோசெக்கன் முந்தின. திசைக்கு ஏன் வித்தியாசம்? கிழக்கே பறப்பவர் பூமியின் சுழற்சியோடு சேர்ந்து விரைகிறார், மேற்கே பறப்பவர் அதை எதிர்த்து மெதுவாகிறார். திருகோணமலையின் அகலாங்கில் தரையே செக்கனுக்கு 460 மீற்றர் வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

உயரத்தின் விளைவுக்கு விமானம்கூட வேண்டாம். 100 மீற்றர் உயரத்தில் இருக்கும் கடிகாரம், கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஆண்டுக்கு 0.34 மைக்ரோசெக்கன் முந்தும். கோணேசர் மலையுச்சியில் ஒரு கடிகாரத்தையும் கடற்கரையில் இன்னொன்றையும் வைத்தால் இன்றைய ஒளியியல் கடிகாரங்கள் அந்த வித்தியாசத்தைத் தயங்காமல் காட்டிவிடும். ஆய்வுகூடத்தில் 2010இல் 33 சென்ரிமீற்றர் உயர வித்தியாசத்தையே காட்டிவிட்டார்கள். இதில் ஒரு சின்ன வேடிக்கை: மலையில் இருப்பவர்தான் வேகமாக வயதாகிறார்.

ஆக, எதிர்காலத்துக்குப் போவது முடியுமா என்பது கேள்வியே அல்ல. எவ்வளவு தூரம், என்ன விலைக்கு என்பதே கேள்வி. விண்வெளியில் மொத்தம் 803 நாள் இருந்த ருசிய விண்வெளி வீரர் சேர்கேய் கிரிக்கலெவ் நம்மைவிட ஏறத்தாழ 0.02 செக்கன் குறைவாக வயதாகியிருக்கிறார். பெரிய பாய்ச்சலுக்கு ஒளிவேகத்தின் 99 சதவீதம் வேண்டும். அப்போது கப்பலில் 1 ஆண்டு, தரையில் 7.09 ஆண்டு. ஒரு கிலோகிராம் பொருளை அந்த வேகத்துக்கு ஏற்ற வேண்டிய சக்தி 5.5×10¹⁷ யூல். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் 900 மெகாவாட்டும் ஒரு நொடி ஓயாமல் ஓடினாலும் அதைத் திரட்ட 19 ஆண்டு ஆகும். ஒரு கிலோவுக்கு! மனிதரும் கப்பலும் எரிபொருளும் அதற்கு மேல்.

வேகத்தை மெதுவாக ஏற்றலாமே என்றால் அதற்கும் கணக்கு உண்டு. புவியீர்ப்புக்குச் சமமான ஆர்முடுகலில் 5 ஆண்டு முன்னே, 5 ஆண்டு வேகம் குறைத்து, திரும்பி அப்படியே 10 ஆண்டு. கப்பலில் 20 ஆண்டு கழியும். தரையில் 338 ஆண்டு. உடம்புக்கு ஒரு தொல்லையும் இல்லை. எரிபொருள்தான் தடை.

பாகவதத்தில் ககுத்மி அரசன் மகளுக்கு வரன் கேட்கப் பிரமலோகம் போய்ச் சற்று நேரம் காத்திருந்து திரும்ப, பூமியில் 27 சதுர்யுகம் கழிந்திருந்தது என்று ஒரு கதை உண்டு. முன்னோர் சார்பியல் அறிந்திருந்தார்கள் என்பதற்குச் சான்றாக இதைப் பலர் பகிர்கிறார்கள். கதை அழகு. ஆனால் எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு தாமதம் என்ற விதி அதில் இல்லை. அது இல்லாமல் ஜிபிஎஸ் கடிகாரத்தைத் திருத்த முடியாது.

இறந்தகாலம்: செய்முறையும் அது உடையும் இடமும்

பின்னோக்கிப் போவது வேறு இனம். கதைகளில் வருவதுபோல் இன்றிலிருந்து மறைந்து நேற்றில் தோன்றுவதற்குச் சார்பியலில் இடமே இல்லை. “ஒரு மணித்தியாலம் பின்னே போனால் பூமி தன் சுற்றுப்பாதையில் 107,000 கிலோமீற்றர் தள்ளி நிற்குமே, வெற்று வெளியில் விழமாட்டோமா” என்று கேட்பவர்கள் கெட்டிக்காரர்கள்தாம். ஆனால் எதைச் சார்ந்து 107,000? சூரியனைச் சார்ந்தா, பால்வீதியைச் சார்ந்தா? அசையாத இடம் என்று ஒன்று அண்டத்தில் இல்லாததால் அந்தக் கேள்விக்கு விடையும் இல்லை. சார்பியல் அனுமதிக்கக்கூடிய ஒரே வகை, பயணி இடையறாமல் முன்னோக்கியே நகர்ந்து, தன் கடிகாரம் முன்னோக்கியே எண்ண, பாதை வளைந்து தன் பழைய புள்ளியிலேயே வந்து சேர்வது. இதை மூடிய காலப்பாதை என்பார்கள்.

இப்படிப் பாதைகள் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குள் இருப்பதை 1949இல் குர்ட் கோடல் காட்டினார். அவருடைய விடையில் அண்டம் முழுதும் சுழல்கிறது. நம் அண்டம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை. 1974இல் ஃபிராங்க் டிப்ளர் சுழலும் உருளையொன்றைத் தந்தார். முடிவற்ற நீளம் வேண்டும். 1991இல் ரிச்சர்ட் கொட் ஒன்றையொன்று கடந்து விரையும் இரு அண்ட இழைகளைத் தந்தார். அந்த இழை எதையும் எவரும் கண்டதில்லை. இவை மூன்றையும் இங்கே கடந்துவிடலாம். பேச வேண்டியது புழுத்துளை, அதாவது காலவெளியின் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழி. 1988இல் மொறிஸ், தோர்ண், யூர்ட்செவர் மூவரும் எழுதிய முறைதான் படிப்படியாகச் செய்து பார்க்கக்கூடிய அளவுக்குத் தெளிவானது.

இரண்டு வாய், நடுவே குட்டையான கழுத்து. வாய் அ திருகோணமலையில் இருக்கட்டும். வாய் ஆவுக்கு மின்னேற்றம் கொடுத்து, மின்புலத்தால் இழுத்து ஒரு கப்பலில் ஏற்றுகிறோம். 2030 சனவரி 1இல் கப்பல் ஒளிவேகத்தின் 99 சதவீதத்தில் புறப்படுகிறது. கப்பலின் கடிகாரத்தில் அரை ஆண்டு போய் அரை ஆண்டு திரும்புகிறது. வேகமெடுக்கும், திரும்பும் நேரங்களை விட்டுவிடுவோம். அது ஊர் வந்து சேரும்போது இங்கே 2037 பெப்ரவரித் தொடக்கம். வாய் ஆவின் கடிகாரத்தில் 2031 சனவரி 1. இனித்தான் சூட்சுமம். வெளியே பார்த்தால் இரண்டு கடிகாரங்களுக்கும் ஆறு ஆண்டு இடைவெளி. கழுத்தின் வழியே பார்த்தால் இரண்டும் எப்போதும் ஒத்தே ஓடுகின்றன, ஏனென்றால் உள்ளே யாரும் யாரையும் விட்டு விலகவில்லை. ஆகவே 2037 பெப்ரவரியில் வாய் ஆவுக்குள் நுழைபவர் வாய் அ வழியாக 2031 சனவரியில் வெளியே வருவார்.

கப்பல் வேண்டாமென்றால் ஆவை ஒரு நியூத்திரன் விண்மீனின் அருகே நிறுத்தி வைக்கலாம். அங்கே மேற்பரப்பில் நேரம் ஏறத்தாழ 20 சதவீதம் மெதுவாக ஓடுவதால் பத்தாண்டில் இரண்டு ஆண்டு இடைவெளி சேரும்.

எந்த முறையானாலும் ஒரு கட்டுப்பாடு விலகாது: பொறி உருவாவதற்கு முந்திய நாளுக்குப் போக வழியில்லை. மேலே சொன்ன உதாரணத்தில் வளையம், அதாவது அந்த மூடிய காலப்பாதை, முதலில் மூடுவது கப்பல் திரும்பத் தொடங்கிச் சற்றே வந்த பிறகு. கணக்குப் போட்டால் தரை நேரத்தில் 2030 யூலை நடுப்பகுதிக்கு முந்திய எந்தக் கணத்துக்கும் திரும்பிப் போக முடியாது. 1964 டிசெம்பர் சூறாவளிக்கு முந்திய திருகோணமலையைப் பார்க்க வேண்டுமென்றால், 1964க்கு முன்பே யாரோ ஒரு பொறியைக் கட்டித் திறந்து வைத்திருக்க வேண்டும். எதிர்காலத்தவர் ஏன் நம்மிடையே வந்து நிற்கவில்லை என்ற பழைய கேள்விக்கு இதைவிட எளிய விடை இல்லை. இயற்பியலாளர் ஸ்டீபன் ஹோக்கிங் 2009 யூன் 28இல் காலப்பயணிகளுக்கு விருந்து வைத்து, விருந்து முடிந்த பிறகே அழைப்பை வெளியிட்டார். யாரும் வரவில்லை. நல்ல பகிடி, ஆனால் மேலே சொன்ன கட்டுப்பாட்டால் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது.

செய்முறை எங்கே உடைகிறது? மூன்று இடத்தில்.

கழுத்து முதலில். எதையும் இட்டு முட்டுக்கொடுக்காத புழுத்துளை, ஒளி கடந்துபோகும் முன்பே இறுகி அறுந்துவிடும் என்று 1962இல் ஃபுல்லரும் வீலரும் காட்டிவிட்டார்கள். திறந்து பிடிக்க எதிர்ச்சக்தி, அதாவது சுழிக்கும் கீழான சக்தி, வேண்டும். அளவு என்ன? கழுத்து ஒரு மீற்றர் என்றால் தேவைப்படுவது வியாழன் கோளின் திணிவை ஒட்டிய அளவு, எதிர்க்குறியில். எதிர்ச்சக்தி வெறும் கற்பனை அல்ல. 1948இல் கசிமிர் முன்னறிவித்தபடி, மிக நெருங்கிய இரு உலோகத் தட்டுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் அது உண்டு; 1997இல் லமொரோ அதன் இழுவிசையைத் துல்லியமாக அளந்தார். ஆனால் ஒரு மைக்ரோமீற்றர் இடைவெளியில், ஒரு சதுர மீற்றர் தட்டில், அந்த விசை 1.3 மில்லிநியூட்டன். சிட்டிகை உப்பின் பாரம்கூட வராது. வியாழன் எங்கே, சிட்டிகை உப்பு எங்கே.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. வளையம் மூடப்போகும் கணத்தில், வெற்றிடத்தின் குவாண்டம் துடிப்புகள் கழுத்துக்குள் நுழைந்து, வெளியே வந்து, தம்மையே சந்தித்து, மறுபடி நுழைந்து குவிகின்றன. ஒலிவாங்கி தன் ஒலிபெருக்கியையே கேட்டு வீரிடுவதுபோல. சக்தி அடர்த்தி எல்லையின்றி ஏறி, பொறி திறக்கும் முன் அழியக்கூடும். 1992இல் ஹோக்கிங் முன்வைத்த காலவரிசைப் பாதுகாப்பு ஊகம் இதுதான்.

மூன்றாவதை 1997இல் கே, ரட்சிக்கோவ்ஸ்கி, வால்ட் மூவரும் காட்டினார்கள்: வளையம் மூடும் அந்த எல்லையில் நம் சமன்பாடுகளே பொருளிழக்கின்றன. அதாவது முடியாது என்று அடித்துச் சொல்லவும் இன்றைய கோட்பாடு போதாது. ஈர்ப்பின் குவாண்டம் கோட்பாடு வந்தால்தான் வழக்கு முடியும்.

இணைக் காலக்கோடு எதைத் தருகிறது, எதைத் தரவில்லை

பொறி எப்படியோ வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் போய் அம்மப்பாவை, அவருக்குக் கலியாணம் ஆகும் முன்பே, சுட்டுவிடுகிறார். அப்படியானால் சுட்டவர் பிறந்திருக்க முடியாது. பிறக்காதவர் சுடவும் முடியாது. இதற்கு மூன்று விடைகள் உள்ளன. மூன்றையும் கலந்து குழப்புவதுதான் பெரும்பாலான கதைகளும் காணொளிகளும் செய்வது.

ருசிய இயற்பியலாளர் நோவிகோவின் விடை: ஒரே காலக்கோடு, முரணான நிகழ்வு நடக்கவே நடக்காது. துவக்கு சிக்கும், குறி தவறும், அல்லது சுடப்பட்டவர் அம்மப்பா அல்லாத வேறொருவர். ஏதோ மாயசக்தி தடுக்கிறது என்று பொருளல்ல. தொடக்கமும் முடிவும் பொருந்தும் விடைகள் மட்டுமே சமன்பாட்டில் உண்டு என்று பொருள். இதை மனிதரை விட்டுவிட்டுப் பில்லியர்ட் பந்தைக் கொண்டு சோதித்தார்கள். பந்து புழுத்துளைக்குள் போய், சற்று முந்திய நேரத்தில் வெளியே வந்து, உள்ளே போகவிருக்கும் தன்னையே இடித்துத் தள்ளிவிட்டால்? இயற்பியலாளர் போல்ச்சின்ஸ்கி கேட்ட கேள்வி இது. 1991இல் எச்செவரியா, கிளிங்ஹாமர், தோர்ண் மூவரும் கணித்தபோது முரணற்ற விடை கிடைக்காமல் போகவில்லை, அளவுக்கு மீறிக் கிடைத்தது. பந்து தன்னை இலேசாக உரசி, அந்த உரசலே அதைச் சரியான கோணத்தில் உள்ளே அனுப்புகிறது; இப்படி எண்ணற்ற விடைகள். எதை இயற்கை தேர்ந்தெடுக்கும் என்பதற்கு விதி இல்லை. முரண்பாட்டைவிட இதுதான் தலையிடி.

இயற்பியலாளர் டேவிட் டொய்ச்சின் விடை 1991இல் வந்தது. காலக்கோடுகள் பல என்பதற்கு உண்மையான கணக்குத் தந்தது இது ஒன்றுதான். பயணி வந்து சேரும் வாய்ப்பை ப என்று எழுதுவோம். அவர் வந்தால் அம்மப்பா இறப்பார், எனவே யாரும் புறப்படமாட்டார். அவர் வராவிட்டால் அம்மப்பா பிழைப்பார், பயணி பிறந்து புறப்படுவார். வளையத்தில் புறப்பட்டதுதான் வந்து சேரவும் வேண்டும்: ப = 1 − ப. ப என்பது 0 அல்லது 1 மட்டும் என்றால் விடை இல்லை, அதுதான் முரண்பாடு. கலவையை அனுமதித்தால் ப = ½. இணைக் காலக்கோடுகளைக் கிளைகள் என்போம். கிளைகளில் பாதியில் எங்கிருந்தோ ஒரு அந்நியர் தோன்றி ஒரு இளைஞரைச் சுடுகிறார், அந்தக் கிளையில் அந்தப் பயணி ஒருநாளும் பிறப்பதில்லை. மற்றப் பாதியில் யாரும் வரவில்லை. பயணி பிறக்கிறார், வளர்கிறார், பொறிக்குள் நுழைந்து மறைகிறார். இரண்டாவது கிளையில் புறப்பட்டவர்தான் முதலாவதில் வந்திறங்கியவர். முரண் தீர்ந்தது. அவருடைய சொந்த அம்மப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாவது விடை சேத் லொயிட் குழுவினருடையது, 2011. முரணில் முடியும் வரலாறுகள் எல்லாவற்றுக்கும் வாய்ப்பு சுழியாகிறது. துவக்கு வெடிக்காமல் போகும் கோடியில் ஒரு வாய்ப்பு இருந்தால், அதுவே முழு வாய்ப்பாக ஊதிப்பெருகும்.

டொய்ச்சின் கணக்குக்கு அடித்தளம் ஹியூ எவரெட் 1957இல் பிரின்ஸ்டனில் வீலரிடம் செய்த ஆய்வு. அளவீட்டில் குவாண்டம் நிலை ஒன்றாகச் சுருங்குவதில்லை, எல்லா விளைவுகளும் தனித்தனிக் கிளைகளாகத் தொடர்கின்றன என்றார் அவர். இங்கேதான் சறுக்கல் தொடங்குகிறது. கடையில் நின்று பிளேன்டீயா பால் தேநீரா என்று நீங்கள் தீர்மானிப்பதால் அண்டம் இரண்டாகாது. ஒரு குவாண்டம் நிகழ்வு, உதாரணமாகக் கதிரியக்க அணுவொன்று சிதைவது, சுற்றியுள்ள காற்றிலும் ஒளியிலும் மீட்க முடியாதபடி தன் தடயத்தைப் பரப்பும்போது கிளை பிரிகிறது. பிரிந்த கிளைகள் ஒன்றையொன்று தொட முடியாது. குவாண்டம் சமன்பாடு நேர்கோட்டுத் தன்மை உடையது என்பதே காரணம்: ஒரு கிளையில் நடப்பது மற்றதின் தீர்வில் ஓர் இலக்கத்தையும் மாற்றாது. அந்தத் தன்மையைச் சற்று வளைத்தால் என்ன ஆகும் என்று 1991இல் போல்ச்சின்ஸ்கி கணித்துப் பார்த்தார். கிளைக்குக் கிளை தொலைபேசி பேசலாம் என்று வந்தது. ஆய்வுகூடச் சோதனைகளில் அப்படி வளைவு எதுவும் இதுவரை அகப்படவில்லை.

எனவே எவரெட்டின் கிளைகள் மட்டும் இருந்தால் காலப்பயணம் இல்லை. டொய்ச்சுக்கும் புழுத்துளை போன்ற மூடிய பாதை ஒன்று வேண்டும். கிளைகள் அதன் முரணைத் தீர்க்கின்றன, பயணத்தை அல்ல. 2014இல் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஒளித்துகள்களைக் கொண்டு டொய்ச்சின் கணக்கைப் போலச்செய்து பார்த்ததும் “ஒளி இறந்தகாலம் போனது” என்று தலைப்புகள் பறந்தன. போனது எதுவும் இல்லை. ஒரு துகள் பழையவருக்கும் மற்றது புதியவருக்கும் வேடம் கட்டியது, அவ்வளவே.

வளையத்தில் சிக்கிய பொருளுக்கும் ஒரு பிரச்சினை இருக்கிறது. முதியவர் ஒரு கைக்கடிகாரத்தை இறந்தகாலத்துக்குக் கொண்டுபோய் இளைஞனிடம் கொடுக்கிறார். அவன் அதை வைத்திருந்து முதியவனாகி மீண்டும் கொண்டுபோகிறான். செய்தவர் யாருமில்லை. அதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பட்டை தேயும், கண்ணாடி கீறும். ஆனால் அது ஒரே பொருள், ஆகவே சுற்று முடியும்போது தொடக்கத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும். தேய்மானத்தை யாராவது அணு அணுவாகத் திருப்பிக் கட்டியிருக்க வேண்டும். கன்னியா வெந்நீர்க் கிணற்றின் வாளித் தண்ணீர் ஆறிய பிறகு தானாக மறுபடி சூடேறுவதில்லை. அதே விதிதான் இங்கும் குறுக்கே நிற்கிறது.

2004 டிசெம்பர் 26

இந்த ஊரில் காலப்பயணப் பேச்சு எடுத்தால் போய் நிற்கும் இடம் ஒன்றுதான். சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியபோது நகரத்தின் கடிகாரத்தில் காலை 6.58, சம்பூரின் கடிகாரத்தில் 6.28. கணம் ஒன்றே. அலை இந்தக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரு செய்தி வந்திருந்தால் என்று நினைக்காதவர் குறைவு.

மேலே சொன்ன மூன்று விடைகளிலும் அந்தச் செய்தியைப் போட்டுப் பார்க்கலாம். நோவிகோவின் உலகில் செய்தி வந்திருந்தால் அது ஏற்கெனவே வந்து, யாரும் நம்பாமல், நடந்தது நடந்திருக்கும். டொய்ச்சின் உலகில் செய்தி வேறொரு கிளையின் கரைக்குப் போகும். அங்கே பிள்ளைகள் பிழைப்பார்கள். அனுப்பியவரின் வீட்டில் படம் மாலையோடு அப்படியே தொங்கும். லொயிட்டின் உலகில் செய்தியை அனுப்பத் தூண்டிய துயரமே இல்லாமல் போகும் வரலாறுகள் கழிக்கப்பட்டு, செய்தி எங்கோ தவறிப்போன வரலாறு எஞ்சும். இணைக் காலக்கோடு இழப்பை அழிப்பதில்லை. அது இடத்தை மாற்றுகிறது.

உண்மையில் தேவைப்பட்டது காலத்தைக் கடக்கும் செய்தியே அல்ல. நடுக்க மையம் இங்கிருந்து ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர். வானொலி அலைக்கு அது ஆறு மில்லிசெக்கன்கூட ஆகாத தூரம். ஆழக்கடலில் சுனாமி மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர். ஒளிக்கும் அலைக்கும் இடையே இரண்டு மணித்தியாலம் சும்மா கிடந்தது. அதைப் பிடித்துக் கரைக்குச் சொல்ல இந்து சமுத்திரத்தில் ஓர் ஏற்பாடு இல்லை. பிறகு வந்தது. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை பறந்து, கரையோர மக்கள் உள்ளே போனார்கள், பேரலை வரவில்லை.

வந்தவரைச் சோதிப்பது

எதிர்காலத்திலிருந்து வந்தேன் என்பவரை எப்படி விசாரிப்பது? முதல் பாடம் 2011 செப்டெம்பரில் கிடைத்தது. ஜெனீவாவிலிருந்து இத்தாலியின் கிரான் சாசோவுக்கு, ஏறத்தாழ 730 கிலோமீற்றர், நியூத்திரினோ எனும் நுண்துகள்கள் ஒளியைவிட 60 நனோசெக்கன் முந்தி வந்ததாக ஒப்பெரா சோதனைக் குழு அறிவித்தது. ஒளியை முந்துவது சார்பியலில் இறந்தகாலத்துக்குச் செய்தி அனுப்பும் வழி என்பதால் உலகம் துள்ளியது. சில மாதங்களில் காரணம் தெரிந்தது: ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டுவரும் ஒளிநார்க் கம்பி ஒன்று சரியாகத் திருகப்படவில்லை. அசாதாரணமான எண்ணுக்கு முதலில் கேட்க வேண்டியது இணைப்புகளைத்தான்.

இரண்டாவது, முன்னறிவிப்புகள். அடுத்த தேர்தலில் யார், அடுத்த போர் எங்கே என்று கேட்டுப் பயனில்லை. பிழைத்துப்போனால் “என் காலக்கோட்டில் அப்படித்தான் நடந்தது, உங்களுடையது பிரிந்துவிட்டது” என்று தப்பிவிடுவார். எந்த விளைவோடும் ஒத்துப்போகும் கூற்றில் செய்தி எதுவும் இல்லை. காலக்கோட்டுக் கோட்பாட்டை மிகுதியாகப் பயன்படுத்துவது இந்தத் தப்பித்தலுக்குத்தான்.

எனவே கிளைக்குக் கிளை மாறாத ஒன்றைக் கேட்க வேண்டும். தேர்தல் மாறலாம், வானிலை மாறலாம், பகா எண்கள் மாறா. ஆர்.எஸ்.ஏ.-2048 என்று 617 இலக்க எண் ஒன்று பகிரங்கமாக இருக்கிறது. அது இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கம். அதே வரிசையில் 250 இலக்க எண்ணைப் பிரித்ததே 2020இல்தான், அதுவும் ஏராளமான கணினிகளை மாதக்கணக்கில் ஓட்டி. எந்தக் காலக்கோட்டிலிருந்து வந்தாலும் அந்த 617 இலக்க எண்ணின் காரணிகள் அதே இரண்டுதான். வருபவர் ஒரு துண்டுக் கடதாசியில் இரண்டு எண்களை எழுதித் தரட்டும். பெருக்கிப் பார்க்கக் கைத்தொலைபேசிக்கு ஒரு செக்கன்கூடத் தேவையில்லை. பெருக்கம் சரியாக வந்தால் அவர் எதிர்காலத்தவர் என்று உடனே நம்பவும் வேண்டாம். யாரோ பெரிய குவாண்டம் கணினி ஒன்றைச் சத்தமில்லாமல் கட்டி முடித்துவிட்டார்கள் என்பதுதான் அதைவிட மலிவான விளக்கம்.